பெட்டிக்குள் ஒரு சுவர்

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை எந்தத் தெருமுனையில் நின்றாலும் மூன்று வகைப் பெட்டிகள் கண்ணில் படும். இடுப்பளவு உயரத்தில் நிற்பது மின்வாரியத்தின் பில்லர் பாக்ஸ். விளக்குக் கம்பத்தின் கழுத்தில் இருப்பது கண்காணிப்பு கேமராவுக்கான வெள்ளை பிளாஸ்டிக் பெட்டி. அதற்குப் பக்கத்தில் இணையச் சேவைக்காரர் கட்டிவிட்டுப் போன இன்னொரு பெட்டி. மூடி இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். முதல் பெட்டிக்குள் ஓடுவது 400 வோல்ட் மும்முனை மின்சாரம். மூன்றாவதில் போவது பேச்சும் படமும். நடுவில் சொன்ன கேமராப் பெட்டியில் இரண்டும் சேர்ந்து கிடக்கின்றன. சிக்கல் அங்கேதான்.

சென்னைக் காவல்துறை 2017 வாக்கில் தொடங்கிய ‘மூன்றாவது கண்’ இயக்கம் தெருவுக்குத் தெரு கேமராக்களைக் கொண்டுவந்தது. குற்றவாளிகளைப் பிடிக்க அவை உதவியிருக்கின்றன, அதில் சண்டையில்லை. ஆனால் கேமராவுக்கு வாரன்டி கேட்டு வாங்கியவர்கள் அதற்குக் கீழே தொங்கும் பெட்டிக்குள் எட்டிப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்: கடையிலிருந்தோ கம்பத்திலிருந்தோ எடுத்த 230 வோல்ட் வயர், டேப் சுற்றிய ஒரு ஜாயின்ட், அதில் செருகிய அடாப்டர், அடாப்டரிலிருந்து கேமராவுக்குப் போகும் 12 வோல்ட், அதே குவியலில் கேமராவின் படக் கம்பி, ஃபைபரை மாற்றித் தரும் ஒரு சின்னக் கருவி. எல்லாம் ஒரே துளை வழியாக உள்ளே நுழைந்து ஒன்றன்மேல் ஒன்று சுருண்டு கிடக்கும். மின்சாரத்துக்கும் தகவலுக்கும் நடுவே இருப்பது பி.வி.சி. உறை ஒன்றுதான். கடற்கரை வெயிலில் நாலு கோடை காய்ந்த உறை.

இப்படிக் கலந்தால் முதலில் கெடுவது படம். துறைமுகச் சாலையோரக் கேமராக்களில் படம் பட்டை பட்டையாக மேலும் கீழும் ஓடுவதைக் கண்காணிப்பு அறையில் உட்காருகிறவர்கள் அறிவார்கள். கேமரா பழுது என்று மாற்றுவார்கள். புதுக் கேமராவிலும் பட்டை ஓடும். பல நேரங்களில் காரணம் கேமராவில் இல்லை. படக் கம்பியின் இரு முனைகளிலும் எர்த்தின் மின்னழுத்தம் வேறு வேறாக இருந்தால் அதன் உலோக உறையில் 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டம் ஓடும். மின்கம்பிக்கு இணையாகத் தகவல் கம்பி எவ்வளவு தூரம் போகிறதோ, இரண்டுக்கும் இடைவெளி எவ்வளவு குறைகிறதோ, அந்த அளவுக்குத் தூண்டல் ஏறும். கிரேன்களிலும் பம்புகளிலும் இன்று இருக்கும் வேகக்கட்டுப்பாட்டு டிரைவ்கள் சாதாரண 50 ஹெர்ட்ஸோடு நிற்பதில்லை. நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை சுவிட்ச் ஆகி, பக்கத்தில் போகும் மெல்லிய கம்பியில் கூர்முனை அழுத்தங்களை ஏற்றுகின்றன. நெட்வொர்க் கேபிளில் கம்பிகளை ஜோடி ஜோடியாக முறுக்கியிருப்பது இந்த இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளத்தான். ஆனால் பெட்டிக்குள் வந்ததும் முனையில் முறுக்கைப் பிரித்துவிடுகிறோம். கவசம் இல்லாமல் கம்பி நிற்கும் இடம் அதுதான். அதனால்தான் கேபிள் ஓடும் நூறு மீட்டரை விட ஒரு சாண் அகலப் பெட்டிக்கு அதிக அக்கறை தேவைப்படுகிறது.

இந்தத் தொல்லை இந்த வட்டாரத்துக்குப் புதிதும் அல்ல. கும்மிடிப்பூண்டி ரயில் தடத்திலும் விம்கோ நகர் மெட்ரோவிலும் தலைக்கு மேல் ஓடுவது 25,000 வோல்ட் மாறுமின்சாரம். இந்திய ரயில்வே அந்த முறைக்கு மாறியபோது தண்டவாளத்தோரத் தந்திக் கம்பிகளில் தூண்டல் அழுத்தம் ஏறியது. அவற்றைக் கழற்றிக் கவச கேபிளாக மண்ணுக்குள் கொண்டுபோக வேண்டியிருந்தது. அந்தப் பாடம் தண்டவாள வேலிக்கு வெளியே வரவில்லை.

படம் கெட்டால் எரிச்சலோடு போகும். உயிர் போனால்?

2017 நவம்பர் 1 அன்று கொடுங்கையூரில் மழைநீரில் கிடந்த மின்கம்பியை மிதித்து இரண்டு சிறுமிகள் இறந்தார்கள். மின்வாரிய அலுவலர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். 2019 செப்டம்பரில் முகலிவாக்கத்தில் தோண்டிய சாலையில் தேங்கிய நீரில் பதினான்கு வயதுப் பையன் ஒருவன் இறந்தான். மின்சாரம் பாய்ந்தது தெருவிளக்குக்கான கேபிளிலிருந்து, தெருவிளக்கு மாநகராட்சியின் பொறுப்பு. ஒவ்வொரு சாவுக்குப் பின்னும் இந்த நகரத்தில் முதலில் எழும் கேள்வி ஒன்றுதான்: ‘இது யார் வயர்?’ கேள்விக்குப் பதில் கிடைப்பதற்குள் அடுத்த மழை வந்துவிடுகிறது. பிறகு பில்லர் பாக்ஸ்களைத் தரையிலிருந்து உயர்த்தும் வேலை நடந்தது. நல்ல வேலை. ஆனால் உயர்த்தினால் தண்ணீரிலிருந்து தப்பலாம், கலப்பிலிருந்து தப்ப முடியாது.

மின்வாரியத்தின் லைன்மேனுக்குக் குறைந்தபட்சம் தன் எதிரி எது என்று தெரியும். பயிற்சி உண்டு, கையுறை உண்டு, லைனை நிறுத்தச் சொல்லிக் கேட்க ஒரு துணைமின் நிலையம் உண்டு. நான் கவலைப்படுவது அந்தக் கம்பத்தில் ஏணி சாய்க்கும் கேபிள்காரப் பையனைப் பற்றி. மின்வேலை செய்ய அரசின் மின் உரிமம் வழங்கும் வாரியத்திடம் வயர்மேன் சான்றிதழ் வாங்க வேண்டும். இணையக் கம்பி இழுக்க அப்படியொரு சான்றிதழைக் கேட்பார் யாருமில்லை. ‘நெட் வரல’ என்று நாலு வீடு புகார் சொன்னதும் வண்டியை எடுத்துக்கொண்டு வரும் இருபது வயதுப் பையன் திறப்பது தன் கம்பி இருக்கும் பெட்டியைத்தான். ஆனால் அவன் விரல் முதலில் படுவது அதில் இருக்கும் 230 வோல்ட் ஜாயின்டில். தகவல் கம்பியைத் தொடுவதற்காக மின்சாரத்தைக் கடந்து போக வேண்டியிருக்கும் எந்தப் பெட்டியும் தவறான பெட்டி. இதைத் தவிர மற்றதெல்லாம் எனக்கு இரண்டாம்பட்சம்.

சட்டம் யாருக்காகக் கவலைப்பட்டது?

1910ஆம் ஆண்டின் இந்திய மின்சாரச் சட்டத்திலேயே மின்கம்பி பக்கத்தில் போகும் தந்தி, தொலைபேசிக் கம்பிகளுக்கு ஊறு வரக்கூடாது என்று 32ஆவது பிரிவு இருந்தது. 2003ஆம் ஆண்டுச் சட்டத்தில் அதே கவலை 160ஆவது பிரிவாகத் தொடர்கிறது. ஒரே தாங்கியில் மின்கம்பியும் தொலைத்தொடர்புக் கம்பியும் போனால் என்னென்ன காப்பு வேண்டும் என்று 1956ஆம் ஆண்டின் இந்திய மின் விதிகளில் 86ஆவது விதி சொன்னது. மத்திய மின்சார ஆணையம் பின்னர் வெளியிட்ட ஒழுங்குமுறைகளும் அதைப் பேசின. ஆக, நூறு வருடத்துக்கும் மேலாகச் சட்டப்புத்தகத்துக்கு இந்த இரண்டு கம்பிகளின் பகை தெரியும். ஆனால் அந்தச் சொற்களைக் கவனித்துப் படித்தால், தந்திச் செய்தி கெட்டுவிடக் கூடாதே என்ற அரசாங்கத்தின் பதற்றம்தான் தூக்கலாக ஒலிக்கிறது. கம்பியை இழுப்பவர் அதில் அவ்வளவாக இல்லை. கம்பத்தில் தொங்கும் பெட்டி அறவே இல்லை.

கட்டட வயரிங்குக்கான தர நெறி ஐ.எஸ். 732. சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் 60364 வரிசையை ஒட்டி 2019இல் அது திருத்தப்பட்டது. அந்த வரிசையின் கோட்பாடு எளிது: குறைந்த அழுத்தக் கம்பியும் வீட்டு மின்சாரக் கம்பியும் ஒரே இடத்தில் இருந்தால், ஒன்று எல்லாக் கம்பியின் உறையும் உயர்ந்த அழுத்தத்தைத் தாங்குவதாக இருக்க வேண்டும், அல்லது நடுவில் தடுப்பு வேண்டும். அமெரிக்க மின் நெறியில் இரண்டுக்கும் குறைந்தது 50 மில்லிமீட்டர் இடைவெளி. ஒரே பெட்டி என்றால் கழற்ற முடியாத தடுப்பு. கேபிள் டிவி கம்பியின் உறையும் சாதாரண நெட்வொர்க் கம்பியின் உறையும் 230 வோல்ட் கட்டடக் கம்பியாகப் பயன்படத் தயாரிக்கப்படுவதில்லை. எனவே நமக்கு மிஞ்சுவது தடுப்பு.

மதிலுக்கு உள்ளே நீல நிறம்

மணலி சுத்திகரிப்பு ஆலை, காமராஜர் துறைமுகத்தின் எரிவாயு முனையம் போன்ற இடங்களில் காற்றில் கசியும் வாயு ஒரு பொறியில் பற்றிக்கொள்ளும். அதனால் உணர்கருவிகளுக்குப் போகும் கம்பியில், அறுந்து பொறி வந்தாலும் அது வாயுவைப் பற்றவைக்க முடியாத அளவுக்குத்தான் ஆற்றலை அனுமதிப்பார்கள். அந்தச் சுற்றின் கம்பிக்கும் முனைப்பட்டைக்கும் நீல நிறம். மற்ற மின்சுற்றின் முனையிலிருந்து நீல முனை குறைந்தது 50 மில்லிமீட்டர் தள்ளி இருக்க வேண்டும், இல்லையேல் நடுவில் தகடு. இது ஐ.எஸ்/ஐ.இ.சி. 60079 வரிசையின் விதி. சாதாரணக் கம்பி ஒன்று தவறி நீலத்தைத் தொட்டுவிட்டால் நீலத்துக்கு அர்த்தமே போய்விடும் என்பதால் இந்தக் கண்டிப்பு.

எர்ணாவூரிலும் காலடிப்பேட்டையிலும் குடியிருக்கும் ஃபிட்டர்களும் இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியன்களும் பகல் முழுக்க இந்த விதிப்படி வேலை செய்கிறார்கள். வடசென்னைக்குப் பிரித்து வயரிங் செய்யத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. ஆலையின் மதிலுக்கு உள்ளே தெரிந்தது மதிலுக்கு வெளியே மறந்துபோகிறது. காரணமும் தெரிந்ததுதான்: உள்ளே பெட்டிக்கு ஒரு சொந்தக்காரர் இருக்கிறார், அவரை ஆய்வு செய்ய ஒருவர் வருகிறார்.

ஆலைக்குள்ளும் இந்த அறிவு சும்மா வந்துவிடவில்லை. 1993 மார்ச் 31 அன்று உத்தரப் பிரதேசத்தின் நரோரா அணுமின் நிலையத்தில் டர்பைன் இறக்கைகள் முறிந்து தீப்பற்றியது. தீ கேபிள் தட்டுகள் வழியே பரவியது. மாற்று மின்சாரத்தின் கேபிள்களும் தீத்தடுப்பு இல்லாமல் கூடவே போனதால் அவையும் எரிந்தன. நிலையம் 17 மணி நேரம் மின்சாரமே இல்லாமல் இருந்தது. அதன் பிறகுதான் கேபிள்களைப் பிரித்து, நடுவே தீத்தடுப்பு வைப்பது இந்திய அணுமின் நிலையங்களில் கறாரானது.

உப்பும் சாம்பலும்

தரநூலைப் பார்த்து ஒரு பெட்டியை வரைந்துவிடலாம். காசிமேட்டில் அது மூன்று மழைக்காலம் நிற்குமா என்பது வேறு விஷயம்.

இங்கே கடற்காற்று உப்பைக் கொண்டுவருகிறது; அனல்மின் நிலையங்களின் பக்கமிருந்து சாம்பல் வருகிறது; எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசைகட்டும் டிரெய்லர்கள் புழுதியைக் கிளப்புகின்றன. மூன்றும் சேர்ந்து ஈரம் பட்டால் மின்சாரத்தைக் கடத்தும் ஒரு படலமாகிவிடும். முனைக்கும் முனைக்கும் நடுவே அந்தப் படலத்தின்மேல் மெல்லிய கசிவு ஓடி, பிளாஸ்டிக்கைக் கருக்கி, ஒரு நாள் நிரந்தரப் பாதையாகிவிடும். இரும்புத் தகட்டுப் பெட்டி இங்கே அடியிலிருந்து அரித்துப்போகும்; முதலில் போவது கதவின் கீல். ஆகவே வெளிக்கூடு எஸ்.எம்.சி. எனப்படும் கண்ணாடியிழை பிளாஸ்டிக்காக இருப்பதே சரி. ஆனால் பிளாஸ்டிக் இரைச்சலைத் தடுக்காது. அதற்கு உலோகம் வேண்டும். துரு உலோகம் வேண்டாம் என்கிறது, இரைச்சல் உலோகம் வேண்டும் என்கிறது.

வழி இருக்கிறது. வெளிக்கூடு பிளாஸ்டிக், நடுச்சுவர் மட்டும் 316 ரக எவர்சில்வர் தகடு, தனி வயரால் எர்த் செய்யப்பட்டது. தகடு மின்புலத்தைத் தடுக்கும்; காந்தப்புலத்துக்கு இடைவெளிதான் மருந்து, எனவே முனைப்பட்டைகள் சுவரை ஒட்டி உட்காரக் கூடாது. இரண்டு அறைகளும் பக்கத்துப் பக்கத்தில் இருக்க வேண்டும், மேலும் கீழுமாக அல்ல. மழைக்குப் பயந்து கேபிள்களை அடியிலிருந்துதான் நுழைப்போம். மேல் அறைக்குப் போகிற கேபிள் கீழ் அறையைக் கடந்தாக வேண்டும் என்றால் பிறகு சுவர் எதற்கு? ஒவ்வொரு கேபிளுக்கும் தனி கிளாண்ட், பயன்படாத துளைக்கு அடைப்பு, நுழைவதற்கு முன் கேபிளில் ஒரு தொங்கல் வளைவு. முழுக்க மூடிய பெட்டி பகலில் சூடேறி இரவில் குளிர்ந்து உள்ளேயே வியர்க்கும். சிறிய மூச்சுத்துளைத் தக்கை வைக்காத ‘வாட்டர்ப்ரூஃப்’ பெட்டி தண்ணீரைத் தானே தயாரித்துக்கொள்ளும்.

இதைவிட முக்கியமானது எதை எந்தப் பக்கம் வைப்பது என்பது. 230 வோல்ட்டைச் சிறிதாக்கும் அடாப்டர், எம்.சி.பி., 30 மில்லியாம்பியர் கசிவில் துண்டிக்கும் ஆர்.சி.டி., மின்னல் அதிர்வைத் தாங்கும் காப்பான், எல்லாமே மின் அறையில். சுவரைத் தாண்டித் தகவல் அறைக்கு வருவது 48 வோல்ட்டோ 12 வோல்ட்டோ மட்டும், அதுவும் ஒரே ஒரு கிளாண்ட் வழியாக. இப்படிச் செய்தால் நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரமும் போகிற கேமராக்களைப் பற்றிய குழப்பமும் தீர்ந்துவிடும். ‘ஒரே கம்பியில் இரண்டும் போகும்போது பெட்டியில் எதற்குப் பிரிவினை?’ என்று சில ஒப்பந்ததாரர்கள் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. 2003இல் வந்த தரத்தின்படி அந்தக் கேபிளில் 15 வாட் போனது. 2018இன் தரத்தில் 90 வாட் வரை போகிறது. ஆனால் அழுத்தம் 57 வோல்ட்டைத் தாண்டாது, அதுவும் நேர்மின்னோட்டம், எர்த்திலிருந்து தனிமைப்படுத்தப்பட்டது. கொல்லக்கூடிய அழுத்தம் ஒரு பக்கம், கொல்லாத அழுத்தம் மறுபக்கம்: சுவர் நிற்க வேண்டிய இடம் அது.

‘எல்லாம் ஃபைபர் ஆகிவிட்டது, கண்ணாடியில் மின்சாரம் பாயுமா?’ என்று கேட்பவர்களும் உண்டு. கண்ணாடியில் பாயாது. ஆனால் வீட்டுக்கு இழுக்கும் ஃபைபர் கம்பியில் தொங்குவதற்கென்றே ஒரு எஃகுக் கம்பி கூடவே போகிறது. டிரெய்லரில் ஏற்றிய உயரக் கன்டெய்னர் 4 மீட்டரைத் தாண்டி நிற்கும். தாழத் தொங்கும் கேபிளை அது இழுத்துக்கொண்டு போகும்போது அறுபடுவது கண்ணாடி, மின்கம்பியில் போய் விழுவது எஃகு. அதன் மறுமுனை யார் வீட்டு ஜன்னலிலோ கட்டியிருக்கும். பெட்டிக்குள் நுழையுமுன் அந்த எஃகை வெட்டி, தனியாகக் கட்டி, கண்ணாடியை மட்டும் உள்ளே விட வேண்டும். ஐந்து நிமிட வேலை. செய்யச் சொல்லி எழுதப்படாததால் செய்யப்படாத வேலை.

இரண்டு பூட்டு

ஒரே மனையில் பொதுச்சுவர் வைத்துக் கட்டிய இரண்டு வீடுகளுக்குத் தனித்தனி வாசல் இருப்பதுபோல, இந்தப் பெட்டிக்கும் இரண்டு கதவுகள், இரண்டு பூட்டுகள் வேண்டும். மின் அறையின் சாவி மின் பகிர்மானக் கழகத்திடமோ மாநகராட்சியின் மின்பிரிவிடமோ இருக்கட்டும். தகவல் அறையின் சாவி சேவை தருபவரிடம். கதவின்மேல் யார் பெட்டி, உள்ளே என்ன அழுத்தம், எங்கிருந்து வருகிறது, எந்த எண்ணுக்குக் கூப்பிட வேண்டும் என்பது தமிழில். ஒவ்வொரு கம்பியிலும் அழியாத அடையாளம். பொறுப்பு யாருடையது என்று அலைவதைச் சுவரும் பூட்டும் சேர்ந்து பாதியாகக் குறைத்துவிடும்.

அடையாளத்தைச் சில்லறை விஷயம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு நினைவூட்டல். 2023 ஜூன் 2 அன்று பாலசோர் அருகே பஹானகா பஜாரில் நடந்த ரயில் விபத்தில் 290 பேருக்கு மேல் பலியானார்கள். கோரமண்டல் எக்ஸ்பிரஸ் வந்துகொண்டிருந்தது இந்த எண்ணூர், திருவொற்றியூர் தடத்தைக் கடந்து சென்ட்ரலுக்குத்தான். ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் விசாரணை, சிக்னல் சுற்றில் முன்பு செய்த மாற்றத்திலும் அன்று லெவல் கிராசிங்கின் மின் தடுப்பை மாற்றிய வேலையிலும் குறை கண்டது. சிக்னல் பெட்டிக்குள் கம்பிகளுக்கு எழுதியிருந்த பெயர் தவறாகவே இருந்தது; வருடக்கணக்கில் அதை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

செலவைப் பற்றி மழுப்ப வேண்டியதில்லை. சுவரும் இரட்டைக் கதவும் உள்ள பெட்டி இன்று கட்டப்படும் நாலுக்கு நாலு பிளாஸ்டிக் டப்பாவைவிடப் பல மடங்கு விலை. கம்பத்துக்குத் தடவாடகை கட்டும் நிறுவனங்கள் அந்த விலையில் தங்கள் பங்கைத் தரலாம். தடவாடகை கட்டாமல் தொங்கும் கம்பிகளை மாநகராட்சி அவ்வப்போது வெட்டிப் போடுகிறதே, அந்த வேகத்தில் கொஞ்சம் அனுமதி முறையிலும் காட்டலாம். குடியிருப்போர் சங்கங்களும் வணிகர்களும் பணம் போட்டு வைக்கும் கேமராக்களின் பெட்டிக்கு ஒரு மாதிரி வரைபடத்தைக் காவல்துறையே தரலாம். ஒரு பக்கத் தாள் போதும்.

இதற்கு இதைவிட நல்ல நேரம் வராது. 2011இல் மாநகராட்சியோடு இணைந்த திருவொற்றியூர், கத்திவாக்கம் பகுதிகளில் தலைக்கு மேல் ஓடும் கம்பிகள் மண்ணுக்குள் போக வேண்டியிருக்கிறது. அப்போது தெருவுக்குத் தெரு புதிய பில்லர் பாக்ஸ் நடுவார்கள். ஸ்மார்ட் மீட்டர் வந்தால் மின்பெட்டிக்குள்ளேயே தகவல் தொடர்பும் வந்து உட்காரும். மீட்டருக்குள் இரண்டையும் பிரித்து வைப்பதை ஐ.எஸ். 16444 போன்ற தரங்கள் பார்த்துக்கொள்கின்றன. மீட்டருக்கு வெளியே தகவலைத் திரட்டி அனுப்பும் கருவியைக் கம்பத்தில் எந்தப் பெட்டியில் வைப்பது என்பதை டெண்டர்தான் சொல்ல வேண்டும். மின் பகிர்மானக் கழகமும் மாநகராட்சியும் அந்த டெண்டர்களில் சுவர், இரட்டைக் கதவு, தனி நுழைவு ஆகிய மூன்றையும் இப்போதே எழுதிவிடலாம். ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு கேட்டால் அது ‘கூடுதல் வேலை’ ஆகிவிடும். கூடுதல் வேலைக்கு நிதி ஒதுக்கீடு எப்போது வரும் என்பது வடசென்னைக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.